பூவரசு

தாவரவியலில் தெஸ்பேசியா பாப்புல்னியா எனப்படும் பூவரசு, பருத்தியும் செம்பருத்தியும் அடங்கிய மல்வேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 6 முதல் 10 மீற்றர் உயரம் வளரும் கடலோர மரமாகும். சிங்களத்தில் இது ‘சூரிய’ எனப்படும். இதன் காய்கள் கடல்நீரில் மிதந்து சென்று கரையொதுங்கி முளைக்கக்கூடியவை என்பதால், இம்மரம் வெப்பவலயக் கரையோரங்களெங்கும் காணப்படுகிறது.

இதய வடிவ இலையும், காலையில் இளமஞ்சளாக விரிந்து மாலைக்குள் செவ்வூதாவாக மாறி வாடும் பூவும் இதன் அடையாளங்கள். இதழ்களின் அடியில், பூவின் உட்குழிவில், கருஞ்சிவப்புப் பொட்டொன்று தெரியும். தோற்றத்தில் இதனை ஒத்த நீர்ப்பருத்தியின் இலையடியில் வெண்ணிற மென்மயிர் படர்ந்திருக்கும். அதன் காய் முற்றியதும் ஐந்தாக வெடிக்கும். பூவரசங்காயோ வெடிக்காது, இளங்காயைக் கீறினால் மஞ்சள் நிறப் பால் கசியும்.

19ஆம் நூற்றாண்டில் கொழும்பு வீதியோரங்களில் நிழல்மரமாக நின்ற பூவரசு, யாழ்ப்பாணத்தில் கதியாலாக, அதாவது வேலியில் நடப்படும் உயிர்க்கம்பாக, இன்றும் பயன்படுகிறது. அதன் குழை ஆட்டுக்குத் தீனியும் வயலுக்குப் பசளையுமாகும். கலகெதர போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் இதை வளர்ப்போர், முழு வெயிலும் நீர் வடியும் மண்ணும் உள்ள இடத்தில் முற்றிய கொம்பை நடலாம். கிளைகள் தாழ்ந்து அகலப் பரவுவதால், சுவரிலிருந்து விலக்கி நட்டு, இளமையிலேயே கீழ்க்கிளைகளைக் கழித்துவிடுவது நன்று.