காட்டேரி வேஷமும் கைதிக் குழந்தையும்

பயங்கரச் சினிமாவில் நடித்த ஒரு பெண்மணியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. இரத்தம் குடிக்கும் பேயாக வேஷம் பூண்டு, கொட்டகை இருளில் ஜனங்களை அலறவைப்பது பெரிய கலையன்று என்பது அறிஞர் பலருடைய அபிப்பிராயம். அதனை நாமும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் 2010-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி லண்டனில் காலஞ்சென்ற இங்ரிட் பிட் அம்மையாரின் சரித்திரத்தை அறிந்தவர்கள், அப்படங்களை அவ்வளவு எளிதாக இகழ்ந்துவிட மாட்டார்கள்.

அம்மையார் 1937-ல் போலந்து தேசத்துத் தலைநகராகிய வார்ஸாவிற் பிறந்தவர். தகப்பனார் ஜெர்மானியர், தாயாரோ போலந்து நாட்டு யூத மாது. ஹிட்லரின் ஆட்சி பரவிய ஐரோப்பாவில் இத்தகைய விவாகமும், அதிற் பிறந்த குழந்தையும் குற்றமாகவே கருதப்பட்டன. எழுதப் படிக்க ஆரம்பிக்கும் பிராயத்தில், தாயும் மகளும் ஸ்டுட்ஹோப் முகாமில் அடைக்கப்பட்டார்கள்.

இம்முகாம் டான்ஸிக் நகருக்குக் கிழக்கே, காடும் சதுப்பும் சூழ்ந்த இடத்தில், 1939 செப்டம்பர் 2-ந் தேதி, அதாவது யுத்தம் மூண்ட மறுநாளே, ஏற்படுத்தப்பட்டது. யுத்தத்துக்கு முந்திய ஜெர்மன் எல்லைக்கு வெளியே தோன்றிய முதல் முகாம் இதுவே. ஏறக்குறைய 1,10,000 பேர் அங்கே கொண்டுபோகப்பட்டனர்; அவர்களுள் 60,000 பேருக்கு மேல் மாண்டனர். விஷவாயுவால் மடிந்தவர்கள் உண்டு. பசியாலும் குளிராலும் விஷஜுரத்தாலும் மடிந்தவர்கள் பலர். 1945 ஜனவரியில் ருஷ்யப் படைகள் நெருங்கிவரவே, எஞ்சிய கைதிகளிற் பல்லாயிரவரைப் பனியில் கால்நடையாக ஓட்டிச்சென்றார்கள். வழியில் விழுந்தவர்களைச் சுட்டார்கள். அத்தகைய நடையின்போதுதான் தாயும் தானும் காட்டுக்குள் தப்பியோடியதாக அம்மையார் பிற்காலத்திற் கூறியிருக்கிறார்.

யுத்தம் ஓய்ந்தபின் அவர் கிழக்கு பெர்லினில் பிரெக்ட் என்ற நாடகாசிரியர் ஸ்தாபித்த பிரசித்திபெற்ற நாடக சபையிற் சேர்ந்தார். பிரெக்டின் மனைவியாராகிய ஹெலேனே வைகல் அம்மையாரே அப்போது அதை நடத்திவந்தவர். ஆனால் ஒரு கொடுங்கோன்மையைக் கண்டவர் மற்றொன்றின் முன் வாய்மூடி இருப்பாரா? கம்யூனிஸ்டு அதிகாரிகளைப் பற்றித் தாம் பகிரங்கமாகக் குறைகூறியதாகவும், அவர்கள் பிடிக்க வந்த இரவில் ஸ்ப்ரே நதியிற் குதித்ததாகவும், ஓர் அமெரிக்கப் படைவீரர் கரையேற்றியதாகவும் அவர் சொல்லுவதுண்டு. அமெரிக்கப் படையைச் சேர்ந்த பிட் என்பவரையே அவர் மணந்தார். அவ்விவாகம் நிலைக்கவில்லை, பெயர் மாத்திரம் நிலைத்தது.

அதன்பின் ஸ்பெயின் தேசத்தில் சில்லறை வேஷங்கள். 1968-ல் ரிச்சர்ட் பர்ட்டன், கிளின்ட் ஈஸ்ட்வுட் ஆகியோருடன் 'வேர் ஈகிள்ஸ் டேர்' என்ற யுத்தப் படத்தில் ஹைடி என்னும் பாத்திரம் கிடைத்தது. ஜெர்மானியச் சிப்பாய்கள் கூடும் மதுக்கடையிலே பணிப்பெண்ணாக இருந்துகொண்டு பிரிட்டிஷாருக்கு உளவு சொல்லும் வேஷம் அது. நாஜி உடை தரித்த நடிகர்கள் சூழ்ந்து நிற்க, ஸ்டுட்ஹோபிலிருந்து மீண்ட பெண் புன்னகையுடன் மதுக் கோப்பை ஏந்திச் செல்வதை அறிந்து பார்ப்போருக்கு, படத்தின் வெடிகுண்டுகள் ஒரு பொருட்டாகத் தோன்றா.

பயங்கர நடிகை என்ற கீர்த்தி 1970-க்குப் பின் வந்ததே. ஐரிஷ் ஆசிரியர் ஷெரிடன் லெ பானு 1872-ல் வெளியிட்ட 'கார்மில்லா' என்ற கதையை, இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனியார் 'தி வாம்பயர் லவர்ஸ்' என்ற பெயரிற் படமாக்கினார்கள். அதில் அவரே காட்டேரி. நம் பாட்டிமார் சொல்லும் காட்டேரிக்கு அழகு கிடையாது. இந்தக் காட்டேரிக்கு அழகே ஆயுதம். அடுத்த வருஷம் 'கவுன்டெஸ் டிராகுலா'வில், கன்னியரின் இரத்தத்தால் இளமை பெறும் ஹங்கேரியப் பிரபுப் பெண்ணாக நடித்தார். அப்படத்தில் அவருடைய குரலை நீக்கிவிட்டு வேறொரு மாதின் குரலைச் சேர்த்துவிட்டார்கள். அவர் அதனால் மனக்கசப்படைந்ததில் வியப்பென்ன? முகத்துக்குக் கூலி கொடுத்துக் குரலைக் கழித்துவிடுவது முதலாளிகளின் வழக்கமாய்விட்டது. உடலழகைக் காட்டியே டிக்கெட்டு விற்ற அக்கம்பெனியாருக்காக நாம் வாதாட வரவில்லை.

எழுபதுகளின் முடிவில் ஹாமர் கம்பெனியின் படத்தொழில் நின்றது. அம்மையார் பேனாவை எடுத்தார். நாவல்கள் எழுதினார், காட்டேரிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார், 1999-ல் 'வாழ்க்கையே ஓர் அலறல்' என்று பொருள்படும் தலைப்புடன் சுயசரிதம் வெளியிட்டார். இத்தகைய பால்யத்தை உடையவர் பயங்கரப் படங்களில் நடித்தது விசித்திரமே என்று அவரே சொல்லியதுண்டு. ஒருவேளை அதனாலேயே அவை தமக்கு நன்கு வந்தன போலும் என்றும் சேர்த்துக்கொண்டார். வேஷத்துக்குள் இருக்கும் பேய் படம் முடிந்ததும் போய்விடும். முகாமின் காவலாளிக்கு அப்படியொரு முடிவு இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்திய காலத்தில் தமது முகாம் நினைவுகளைத் தம் குரலிலேயே கூற இசைந்தார். அது ஒரு சிறிய சித்திரப் படமாக 2011-ல், அவர் மறைந்த பிறகு, வெளிவந்தது. அதற்குரிய சித்திரங்களை வரைந்தவன் பத்து வயதுச் சிறுவன். இம்முறை குரலை எவரும் மாற்றவில்லை.