டிராஃப்டில் படுத்துக்கொள்ளும் லிங்க்

விக்கிபீடியாவின் நீண்ட கட்டுரையில் ஒரே ஒரு வரியை நண்பருக்குக் காட்ட வேண்டும். குரோமில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்தால், நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும் லிங்க் கிடைக்கும். அதை மெயிலில் ஒட்டுகிறோம். அனுப்புமுன் பார்த்துவிடலாமே என்று டிராஃப்டிலேயே சொடுக்கினால், பக்கம் திறந்து உச்சியிலேயே நிற்கிறது. உடனே லிங்க்கை அழித்துவிடாதீர்கள். பல நேரங்களில் குற்றம் அதன் மேல் இல்லை.

இப்படி நேராக வரிக்குப் போகும் லிங்க்கைப் புரிந்துகொள்ளும் வசதி 2020 பிப்ரவரியில் குரோம் 80-இல் வந்தது. சஃபாரி 2022-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2024 அக்டோபரிலும்தான் சேர்த்துக்கொண்டன. மெயிலைப் பெறுபவரிடம் பழைய பதிப்பு இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

முகவரியின் கடைசியில் #:~: என்ற குறிகளும், அவற்றுக்குப் பின்னால் தேட வேண்டிய சொற்களும் இருக்கும். இந்த வால் சர்வருக்குப் போவதே இல்லை. பிரவுசரே அதை வைத்துக்கொண்டு பக்கத்தில் தேடுகிறது. ஒரு பக்கத்தில் இன்ன சொல் இருக்கிறதா என்று வேறு தளம் இதை வைத்து வேவு பார்க்கலாமே என்ற அச்சம் தொடக்கத்திலேயே எழுந்தது. அதனால் கெடுபிடி அதிகம். சொடுக்கியது மனிதக் கையாக இருக்க வேண்டும்; வேறு தளத்திலிருந்து வந்தால், புதிய டேபுக்கும் அதைத் திறந்த டேபுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. டிராஃப்ட் என்பது எழுதும் பெட்டி. அங்கே சொடுக்கும்போது மெயிலின் நிரல்தான் நமக்காகப் புதிய டேபைத் திறக்கிறது. அது பழைய தொடர்பை விட்டுவைத்தால், பிரவுசர் வாலைக் கண்டுகொள்ளாது. ஒரு பிழைச் செய்திகூடக் காட்டாது என்பதுதான் எரிச்சல்.

லிங்க்கைக் காப்பி செய்து, புதிய டேபின் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பாருங்கள். சரியான வரிக்குப் போனால் லிங்க் நன்றாக இருக்கிறது. உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பி, இன்பாக்ஸிலிருந்து சொடுக்கிச் சோதியுங்கள். போகவில்லையென்றால் முகவரியை உற்றுப் பாருங்கள். % இருந்த இடங்களில் எல்லாம் %25 என்று இருந்தால், யாரோ இரண்டாம் முறை குறியேற்றியிருக்கிறார்கள். # என்பது %23 ஆகியிருந்தால், வால் பக்கத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்று பொருள். இரண்டும் சரியாக இருந்தால், அந்த வரியே பக்கத்தில் மாற்றப்பட்டிருக்கலாம்.

தமிழுக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிகிறது. 'தமிழ்நாடு' என்ற ஒரு சொல்லே 81 எழுத்துகளைத் தின்றுவிடும். ஒரு முழு வாக்கியம் என்றால் கேட்கவே வேண்டாம். நடுவில் எங்காவது வெட்டுப்பட்டாலும் தேடல் பொய்த்துப்போகலாம். வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்கள், ஒரு கமா, கடைசி இரண்டு சொற்கள் என்று கொடுத்தாலே பிரவுசருக்குப் போதும். முகவரியை அப்படியே ஒட்டாமல், ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து லிங்க் பொத்தான் வழியாக அதில் பொருத்துங்கள். எதற்கும் அந்த வரியையும் மெயிலிலேயே எழுதிவிடுங்கள்.