நெடுந்தீவுப் படகுச் சேவை

நெடுந்தீவுப் படகுச் சேவை என்பது, இலங்கையின் வட மாகாணத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்த நெடுந்தீவையும், புங்குடுதீவின் மேற்குப் பகுதியில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறையையும் இணைக்கும் பயணிகள் படகுப் போக்குவரத்து ஆகும். பாலமோ வானூர்தி நிலையமோ இல்லாத இத்தீவின் மக்களுக்கு வெளியுலகுடனான அன்றாடப் பொதுத் தொடர்பு இது ஒன்றே. கல்வி, மருத்துவம், வணிகம், அரச அலுவல்கள் ஆகிய அனைத்தும் படகு புறப்படும் நேரத்தையும் கடலின் நிலையையும் பொறுத்தே நடைபெறுகின்றன.

புவியியற் பின்னணி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே அமைந்துள்ள தீவுகள் போக்குவரத்து அடிப்படையில் இரு வகைப்படும். மண்டைதீவு, வேலணைத்தீவு, புங்குடுதீவு, காரைநகர் என்பன கடல்வழிச் சாலைகளால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டவை. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்பன படகையே நம்பியிருப்பவை. யாழ்ப்பாண நகரில் இருந்து பண்ணைப் பாலம் வழியாக வேலணைத்தீவையும், அங்கிருந்து வாணர் பாலம் வழியாகப் புங்குடுதீவையும் அடையலாம். 776 ஆம் இலக்கப் பேருந்து இவ்வழியாகக் குறிகட்டுவான் வரை செல்கின்றது. சாலை அத்துடன் முடிவடைகின்றது.

ஒல்லாந்தர் டெல்வ்ட் எனப் பெயரிட்ட நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிமீ பரப்பளவு கொண்டது. படகால் மட்டுமே அடையக்கூடிய நான்கு தீவுகளுள் இதுவே பெரியதும் மிகத் தொலைவில் உள்ளதும் ஆகும். குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவின் மாவிலித்துறை வரை சுமார் 10 கிமீ தூரம் உண்டு. இதைக் கடக்கப் படகுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் தேவைப்படுகின்றது. நயினாதீவுக்குச் செல்ல சுமார் 20 நிமிடங்களே போதுமானவை.

படகுகள்

இச்சேவையில் நீண்டகாலம் அறியப்பட்ட படகு குமுதினி ஆகும். இது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் இயங்கியது. சாலைகளுக்குப் பொறுப்பான நிறுவனம் படகை இயக்குவது, தீவுப் பகுதிகளில் கடல்வழி சாலையின் தொடர்ச்சியாகவே கருதப்படுவதைக் காட்டுகின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில், ஒரு கிமீ இற்கும் குறைவான நீரிணையைக் கடக்கும் மிதவைப் படகும் இந்த அதிகார சபைக்கு உரியதே. அதை அவ்வூர் மக்கள் "பாதை" என்றே அழைக்கின்றனர்.

பிற்காலத்தில் வடதாரகை என்னும் படகும், 2017 சனவரியில் உலக வங்கியின் நிதியுதவியுடன் கட்டப்பட்ட நெடுந்தாரகை என்னும் படகும் சேவையில் சேர்க்கப்பட்டன. இவற்றுடன் தனியார் படகுகளும் ஓடுகின்றன. பெரிய படகு ஒன்று பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றப்படும் காலங்களில், பயணிகள் சிறிய தனியார் படகுகளில் நெருக்கமாகச் செல்ல வேண்டியுள்ளது.

சேவையின் அளவு

தீவொன்றின் தனிமையை அதன் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாளொன்றுக்கு எத்தனை படகுகள் செல்கின்றன என்பதே பெரிதும் தீர்மானிக்கின்றது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் உள்ளன. நாட்டின் பல பாகங்களிலும் இருந்து அடியார்கள் வருவதால், பகல் முழுவதும் அங்கு அடிக்கடி படகுகள் செல்கின்றன. தீவு மக்களும் இதனால் பயன் பெறுகின்றனர். நெடுந்தீவுக்கு இத்தகைய வாய்ப்பு இல்லை. காட்டுக் குதிரைகள், பெருக்கமரம், பழைய கோட்டையின் இடிபாடுகள் ஆகியவற்றைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்ற போதிலும், ஒரு நாளில் செல்லும் படகுகள் சிலவே. காலைப் படகைத் தவறவிட்டவருக்கு அன்றைய அலுவல் தவறியது போலவே ஆகும். பிற்பகற் படகைத் தவறவிட்டவர் இரவை வெளியூரில் கழிக்க நேரும்.

அன்றாட வாழ்வு

நெடுந்தீவில் பிரதேச செயலகம், பாடசாலைகள், மருத்துவமனை என்பன உள்ளன. ஆயினும் அவற்றில் பணியாற்றுவோரில் பலர் தீவுக்கு வெளியே வசிப்பவர்கள். காலநிலை காரணமாகப் படகு ஓடாத நாளில் ஆசிரியர் வகுப்புக்கு வர இயலாது. யாழ்ப்பாணத்தில் வழக்கோ, வங்கி அலுவலோ, மருத்துவப் பரிசோதனையோ உள்ளவர் அங்கு செல்லவும் இயலாது.

அரிசி, மா, எரிபொருள், சீமெந்து முதலிய பொருட்கள் கடல்வழியாகவே தீவுக்கு வருகின்றன. மீன், கால்நடை, பனம் பொருட்கள் என்பன அவ்வாறே வெளியே செல்கின்றன. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் சேர்வதால் தீவில் பொருள்களின் விலை கூடுகின்றது. அதே காரணத்தால் தீவின் விளைபொருளுக்கு உற்பத்தியாளர் பெறும் விலை குறைகின்றது. தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்படாத இத்தீவு நீண்டகாலமாக டீசல் மின்னாக்கிகளில் தங்கியிருந்தது. எனவே வீட்டு விளக்கு எரிவதும் படகு வருவதைப் பொறுத்ததாகவே இருந்தது.

காற்றும் கடலும்

ஆண்டில் இரு காலங்கள் பயணத்துக்குக் கடினமானவை. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்றும், ஆண்டிறுதியில் வாடைக் காற்றுடன் வரும் மழையும் புயலும் கடலைக் கொந்தளிக்கச் செய்கின்றன. நயினாதீவைக் கடந்த பின்னர் படகு திறந்த கடலை எதிர்கொள்வதால் அலையின் தாக்கம் அப்பகுதியில் மிகுதி. கடும் காற்று எச்சரிக்கை விடுக்கப்படும்போது சேவை நிறுத்தப்படுகின்றது.

இதன் சுமை நோயாளர்கள் மீதே மிகுதியாக விழுகின்றது. தீவு மருத்துவமனையில் சத்திரசிகிச்சை போன்ற உயர் சிகிச்சைக்கு வசதி இல்லாததால், கடுமையான நோயாளர்கள் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட வேண்டும். அவசர வேளைகளில் கடற்படையின் விரைவுப் படகுகள் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. கரையை அடைந்த பின்னரும் நகர் வரை நீண்ட தரைவழிப் பயணம் எஞ்சியிருக்கும்.

போர்க்காலம்

1985 ஆம் ஆண்டு மே 15 ஆம் நாள் காலை, நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டு, அதில் பயணம் செய்த தமிழர்களில் குறைந்தது 23 பேர் கொல்லப்பட்டனர். இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். இலங்கைக் கடற்படையினரே இதைச் செய்ததாகத் தப்பியோரின் சாட்சியங்கள் கூறின. அரசு இதனை மறுத்தது. இந்நிகழ்வு குமுதினிப் படகுப் படுகொலை என அழைக்கப்படுகின்றது. ஆண்டுதோறும் நெடுந்தீவில் நினைவுகூரப்படுகின்றது. மாற்று வழி எதுவும் இல்லாமையால் தீவு மக்கள் அதன் பின்னரும் அதே கடல்வழியிலேயே, அதே படகிலேயே பயணம் செய்ய வேண்டியிருந்தது.

1990 இல் தீவுப்பகுதி அரச படைகளின் கட்டுப்பாட்டிலும், குடாநாடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் வந்தன. இதனால் யாழ்ப்பாண நகருடனான வழமையான தொடர்பு 1995 இன் இறுதிவரை தடைப்பட்டிருந்தது. படகு இருந்தும் அது சேர வேண்டிய நகர் எட்டாத நிலை இக்காலத்தில் நிலவியது.

குடிப்பெயர்வு

போர் காரணமாக வெளியேறிய குடும்பங்களில் பல திரும்பி வரவில்லை. 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நெடுந்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,000 ஆகும். போர் முடிந்த பின்னரும் பிள்ளைகளின் உயர்கல்விக்காகவும், முதியோரின் மருத்துவத் தேவைக்காகவும் குடும்பங்கள் நகர்ப்புறம் நோக்கி நகர்கின்றன. மக்கள் குறைந்தால் படகுக்கான பயணிகளும் குறைவர். படகுகள் குறைந்தால் எஞ்சியோர் தங்குவதும் கடினமாகும். தனியார் படகுகள் வருவாயை நோக்கியே இயங்குவதால், பயணிகள் குறைந்த நாட்களிலும் ஓடக்கூடிய பொதுப்படகு ஒன்று தொடர்ந்து சேவையில் இருப்பது இத்தீவின் குடியிருப்பு நிலைப்பதற்கு இன்றியமையாதது.