அந்தப் புழுவை நசுக்காதீர்கள்

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை சந்தையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும் கருநீலத் திராட்சை, பெங்களூர் புளூ ரகம். கோலார், சிக்கபள்ளாபூர், பெங்களூர் ஊரக மாவட்டங்களில் பந்தலிட்டு வளர்ப்பது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. இனிப்பான போர்ட் ஒயினும் இதிலிருந்துதான் வடிக்கிறார்கள். சில பூஞ்சை நோய்களை ஓரளவு தாங்கிவிடும் இந்தக் கொடி, மாவுப்பூச்சியிடம் திணறிவிடும்.

மாவுப்பூச்சி கொத்துக்குள் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும். அது கழிக்கும் பிசுபிசுப்பான தேனில் கரும்பூஞ்சை படரும். பிறகு அந்தப் பழத்தை வியாபாரி தொடமாட்டார். மருந்தடித்தால் மாவுப்பூச்சியை அதன் உடம்பை மூடிய மெழுகு காப்பாற்றிவிடும். மிச்சமிருப்பது உரிந்த பட்டைக்கடியில் ஒளிந்துகொள்ளும். மேலும் மேலும் அடித்தால் மண்தான் நஞ்சாகும். தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டின் தூசியோடு வாழும் தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இயற்கை முறையில் திராட்சை வளர்ப்பவருக்குத் துணை, கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு. நாலு மில்லிமீட்டர் நீளம், கரிய முதுகு, செங்காவித் தலை. பிறந்த மண் ஆஸ்திரேலியா. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை அதற்குச் சரிப்படவில்லை. ஆனால் மாவுப்பூச்சிகளைத் தின்று தென்னிந்தியாவிலேயே நிலைத்துவிட்டது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் திராட்சைத் தோட்டங்களில் இதை விட்டுப் பார்த்து நல்ல பலன் கண்டது.

இதை வளர்க்கும் முறை அழகானது. முழுப் பரங்கிக்காயில் மாவுப்பூச்சியை ஏற்றுகிறார்கள். காய் வெளுத்ததும் கூண்டில் வைத்து வண்டுகளை விடுகிறார்கள். பெண் வண்டு மாவுப்பூச்சியின் முட்டைப் பைகளுக்குள்ளேயே முட்டையிடும். பொரிந்து வரும் புழுவுக்குச் சோறு பக்கத்திலேயே இருக்கும். தோட்டத்தில் கொடிக்குப் பத்து வண்டு என்பது பரிந்துரை.

சிக்கல் புழுவின் தோற்றத்தில் இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுக் குஞ்சம், அசப்பில் மாவுப்பூச்சியேதான். பூச்சி பெருத்துவிட்டது என்று பதறி, விரலால் நசுக்கிவிடுகிறோம். ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஒட்டிக் கிடக்கும்; இந்தப் புழு அதைவிடப் பெரிதாக, ஒரு சென்டிமீட்டரையும் தாண்டி வளர்ந்து, கொத்துக்குள் விறுவிறுவென நுழைந்து இரை தேடும்.

வண்டு விடுவதற்கு முன் எறும்பைக் கவனிக்க வேண்டும். தேனுக்காக எறும்புகள் மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று, பொறிவண்டை விரட்டியடிக்கும். அதனால் முதலில் தூரைச் சுற்றி எறும்புப் புற்று இருக்கிறதா என்று பாருங்கள். உரிந்த பட்டையைச் சுரண்டி எடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மருந்தடிக்கும் நாளையும் கேட்டு வைத்துக்கொண்டு, அது கழிந்த பிறகே வண்டை விடுங்கள்.