பால் இறங்கும் நேரம்: வேலைக்கு நடுவே மனத்துக்கு ஓர் ஓய்வு



முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் அரையாண்டுத் தேர்வுத் தாள்களை ஒரே மூச்சில் திருத்தினேன். ஓய்வு நேரத்திலும் ஆசிரியர் அறையை விட்டு நகரவில்லை. 'முடிச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன்' என்று பிடிவாதம். படிவம் 5 மாணவி ஒருத்திக்கு 78 வரவேண்டிய இடத்தில் கூட்டல் பிசகி 58 போட்டுவிட்டேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தமிழ்ப்பாடத்தை எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா தயங்கித் தயங்கி, "டீச்சர், ஒருக்கா பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டதால்தான் தெரிந்தது. இருபது புள்ளி கூட்டத் தெரியாதவள் இல்லை நான். அந்த நேரத்தில் என் கண் தாளில் இருந்தது, மனம் அங்கே இல்லை.

என் பாட்டி சுவாவில் பால்மரம் வெட்டியவர். போர்ட்டிக்சன் பக்கம் போனால் இன்று பெரும்பாலும் செம்பனைதான் கண்ணில் படும். அவர் காலத்தில் ரப்பர். விடிவதற்கு முன்பே பெரட்டு, பிறகு நிரைக்குப் போய் உளியைப் பிடித்தால் ஐந்நூறு, அறுநூறு மரம். விடியற்காலையில் வெட்டுவதற்குக் காரணம் உண்டு. இரவில் இலைகள் வழியாக நீர் அதிகம் வெளியேறாததால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும், பாலும் குறையும். வெட்டி முடித்ததும் பாலை உடனே எடுத்துவிட முடியாது. அது சொட்டுச் சொட்டாக மங்கில் இறங்கவேண்டும். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில்தான் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். வரக்கோப்பி, நேற்றைய மீதி, கொஞ்சம் ஊர்க்கதை. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி முதல் மரத்திலிருந்து நடை.

தோட்ட வாழ்க்கை சுகமானது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூலியும் அந்த லயமும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த வேலையின் நடுவில் இருந்த காத்திருப்பு நம் வேலையில் இல்லை.

மரத்துக்கும் ஓய்வு உண்டு. பாதிச் சுற்று வெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது தோட்டங்களில் பரவலாக இருந்த முறை. வெட்டிய மரம் இழந்த பாலை மறுபடி ஊறவைக்க நேரம் வேண்டும். பேராசைப்பட்டு அடிக்கடி வெட்டினால் வெட்டுப்பட்டை வறண்டு, சில மரங்கள் பால் கொடுப்பதையே நிறுத்திவிடும்.

மனித மனத்தைப் பற்றி ஆய்வாளர்கள் சொல்வதும் இதற்குத் தூரமில்லை. இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரமாக ஆக எதிரியின் அடையாளங்களைத் தவறவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் நார்மன் மேக்வொர்த் இதைச் சோதித்தார். ஒரு கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கவனித்துச் சொல்லவேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகே கவனம் சரியத் தொடங்கியதை 1948இல் வெளியிட்டார். 2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அரிகாவும் யேராஸும் இன்னொன்றைக் காட்டினார்கள். ஐம்பது நிமிட வேலையின் நடுவில் இரண்டு முறை மட்டும் சிறிது நேரம் வேறொன்றுக்கு மாறியவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை.

நம் நாட்டு வேலைச் சட்டம் 1955, பிரிவு 60ஏ, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரைமணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. அரசு ஆசிரியர்களான நாம் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. நம் உடம்பு அந்தக் கணக்குக்குள் வரும்.

இனி மாணவர்களே, உங்களுக்கு. 'ஓய்வு எடுக்கிறேன்' என்று கைப்பேசியைத் திறப்பது ஓய்வில் சேராது. புலனத்தில் நாற்பது செய்தி படித்தால் மூளை நாற்பது செய்தியை வேலை செய்கிறது. 2012இல் மிக்கேலா டீவாரும் உடன் ஆய்வாளர்களும் முதியவர்களுக்கு ஒரு கதை சொன்னார்கள். உடனே பத்து நிமிடம் கண்மூடி அமைதியாக இருந்தபோது கேட்ட கதை, உடனே படத்தில் வேறுபாடு தேடும் விளையாட்டு ஆடியபோது கேட்டதைவிட, ஏழு நாளுக்குப் பிறகும் நன்றாக நினைவிலிருந்தது. ஆகவே ஒரு செய்யுளை மனனம் செய்தால், அடுத்ததற்குத் தாவாதீர்கள். எழுந்து, ஐந்து கீரி தாளித்து... மன்னிக்கவும், ஐந்தாறு நிமிடம் ஜன்னல் ஓரம் நின்றுவிட்டு வாருங்கள். (மேலே உள்ள பிழையை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டேன். இடைவேளை இல்லாமல் இரவு பதினொன்றரைக்குத் தட்டச்சு செய்தால் இப்படித்தான் வரும்.) தேர்வு மண்டபத்திலும் கட்டுரை முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்து, விரல்களை விரித்து, பத்து மூச்சு விடுங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஆசிரியர்களே, நான் இப்போது பத்துத் தாளுக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன். கூட்டலை எழுந்து வந்த பிறகே போடுகிறேன். ரிலிஃப் வகுப்பு விழுந்த நாளில் இது நடப்பதில்லை, உண்மைதான். அன்றைக்குத் தாளைத் தொடுவதே இல்லை.

வகுப்பில் இதைச் சொல்லும்போது 'ஆறு' என்ற வினையையும் சேர்த்து நடத்தலாம். சோறு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும். பசியாறுதல், களைப்பாறுதல், இளைப்பாறுதல் எல்லாம் அதே ஆறுதல்தான். தன்வினை 'ஆறு', பிறவினை 'ஆற்று'. கோப்பியை ஆற்றலாம் என்பதை வைத்து மாணவர்களையே உதாரணம் சொல்ல வையுங்கள். என் வகுப்பில் அதிகம் சொன்னவள் அந்த 78 புள்ளி மாணவிதான். தமிழ்ப்பாடத்தை அவள் விடவில்லை.