தாடையில் தொடங்கியதா பேச்சு?

மூன்று மாதத்தில் "ங்கா" சொன்ன குழந்தை, ஏழெட்டு மாதமானதும் திடீரென்று "பபபபா" என்று பிடித்துக்கொள்ளும். அப்பாவைத்தான் கூப்பிடுகிறது என்று வீட்டில் ஒரு கட்சி சத்தியமே செய்யும். பாவம், அது யாரையும் கூப்பிடவில்லை. தாடையை ஆட்டிப் பார்க்கிறது.

அந்த வாயைக் கொஞ்சம் உற்றுக் கவனியுங்கள். உதட்டையும் நாக்கையும் தனித்தனியாக ஆளும் பக்குவம் இன்னும் வரவில்லை. குரலை எழுப்பிக்கொண்டே கீழ்த்தாடையை ஏற்றி இறக்குகிறது, அவ்வளவுதான். தாடை ஏறி உதடு ஒட்டினால் 'ப்'. இறங்கி வாய் திறந்தால் 'ஆ'. அதே ஆட்டத்தில் மூச்சு மூக்கு வழியாகவும் போனால் "மமமா". அம்மா கட்சிக்கு வெற்றி!

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் மெக்நீலேஜ் 1998இல் இதிலிருந்து ஒரு பெரிய ஊகத்துக்குப் போனார். மெல்லவும் சப்பவும் பாலூட்டிகளுக்கு வாய்த்த தாடையாட்டத்தின் மேல் குரல் ஏறியதுதான் மனிதப் பேச்சின் தொடக்கம் என்றார். குரங்குகள் நட்பு காட்ட உதட்டைச் சப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 முறை. நாம் பேசும்போது அசைகள் விழும் வேகமும் கிட்டத்தட்ட அதுவே. பேச்சு புதைபடிவமாக எஞ்சுவதில்லை என்பதால் இது ஊகமாகவே நிற்கிறது. எனக்கு இது பிடித்த ஊகம்.

ஆனால் இடிக்கிற சான்றும் உண்டு. லாரா பெட்டிட்டோவும் பாவ்லா மாரன்டெட்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், சைகை மொழி பேசும் வீட்டில் வளர்ந்த காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசின. பொருளில்லாத கைவடிவங்களை, அசைபோல, திரும்பத் திரும்பச் செய்தன. அங்கே தாடைக்கு வேலையே இல்லை. அப்படியானால் தாளத்தைத் தேடுவது வாயல்ல, மூளை என்றல்லவா ஆகிறது?

விலங்குகளிலும் உறவுமுறை உதவவில்லை. நமக்கு நெருங்கிய சிம்பன்சிக் குட்டிகளிடம் இப்படி அசையசையான மழலை கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் உறவில் வெகு தூரத்திலுள்ள, மத்திய அமெரிக்காவின் ஒரு வௌவால் இனத்தில் குட்டிகள் 43 நிமிடம் வரைகூட விடாமல் பிதற்றுவதை 2021இல் பதிவு செய்தார்கள்.

மழலைக்குப் பதிலும் வேண்டும். மைக்கேல் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 2003இல் வெளியிட்ட சோதனையில், குழந்தை ஒலியெழுப்பிய மறுகணம் சில தாய்மார்கள் சிரித்து, குழந்தையைத் தொட்டார்கள். சில நிமிடங்களிலேயே மழலை திருந்தி, பேச்சுச் சாயல் கூடியது. மற்ற குழந்தைகளுக்கும் அதே அளவு சிரிப்பும் தொடுகையும் கிடைத்தன, ஆனால் அவை எழுப்பிய ஒலிக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில். அவற்றின் மழலையில் அந்த மாற்றம் வரவில்லை.