இழுபடும் உடுப்பும் நனோ இழையும்



கணக்கு வழக்குப் பேசுகிறவன் இம்மாதம் உடுப்புப் பற்றிப் பேசுகிறேன். காரணம், ஒரு நேயர் தொலைபேசியில் கேட்ட கேள்வி: பிள்ளைகளின் பழைய லெகிங்சைப் பழந்துணிப் பெட்டிக்குள் போட்டால் அது திரும்ப நூலாகுமா?

பெரும்பாலும் ஆகாது. உடுப்பின் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். பருத்தி 95 வீதம், எலாஸ்ரேன் 5 வீதம் என்று இருக்கும். லைக்ரா என்பதும் அதுதான். 1958இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில், டுப்போன்ற் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. பெற்றோலியத்திலிருந்து வரும் பொலியூரிதேன் வகை. சுருண்டு கிடக்கும் நீண்ட மூலக்கூறுகள் இழுத்தால் நிமிரும். இடையிடையே உள்ள கெட்டியான பகுதிகள் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். அருமையான பொருள்தான். ஆனால் பழந்துணியைப் பிய்த்து நூலாக்கும் இயந்திரத்தில் அது சிக்கிக்கொள்ளும். பருத்தியைக் கரைத்தெடுக்கும் ஆலைகளுக்கும் இடைஞ்சல். இலேசில் மட்காது. 5 வீதச் செலவு 95 வீத முதலை முடக்குவதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். துணியிலும் அதே கதைதான்.

இங்கேதான் கிராபீன் வருகிறது. பென்சிலில் இருக்கும் காரீயத்தின் ஒற்றை அணுப் படலம் அது. 2004இல் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்மும் கொன்ஸ்தந்தீன் நோவோசெலோவும் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்துரித்தே அதைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் பௌதிகவியல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு கிராம் கிராபீனின் இருபக்கப் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 2600 சதுர மீற்றர். எங்கள் ஊர்க் கணக்கில் பத்துப் பரப்புக் காணி!

கிராபீன் றப்பர்போல இழுபடுவதில்லை. பிடிமானம் தருவதே அதன் வேலை. அவ்வளவு பரப்பும் சுற்றியுள்ள மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதால், நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவாகக் கலந்தாலே வலுக்குறைந்த பொருளை உறுதியாக்கலாம். ஆகவே, மட்கக்கூடிய, ஆனால் தனியே விட்டால் அறுந்துபோகும் ஒரு பொருளைப் பலப்படுத்தி எலாஸ்ரேனின் இடத்தில் வைக்கலாமா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

இலங்கைக்கும் இதில் பங்குண்டு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்நாட்டின் பெரிய ஆடை உற்பத்தியாளர்களும் பங்காளிகளாகச் சேர்ந்தார்கள். வன்னியில் எங்கள் பிள்ளைகளும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஆதலால் இந்தத் தூளைக் கையாளும் இடத்தில் சுவாசப் பாதுகாப்பு எப்படி என்று முதலில் கேட்கவேண்டியவர்கள் நாங்கள். நுரையீரலுக்குள் போனால் அது என்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை.

நனோ என்ற சொல்லைக் கண்டதும் காசை நீட்டிவிடாதீர்கள். நாற்றம் வராது என்று நனோ வெள்ளி கலந்து விற்ற காலுறைகளை 2008இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் சோதித்தார்கள். சிலவற்றில் வெள்ளி ஒருசில சலவையிலேயே தண்ணீரோடு போய்விட்டது. கிராபீன் உடுப்பு என்று யாராவது விற்றால், எத்தனை வீதம், சலவைக்கு நிற்குமா, மீதி இழை என்ன என்று கேளுங்கள். மீதி பொலியெஸ்ரரும் எலாஸ்ரேனும் என்றால் குப்பைக் கணக்கு மாறவில்லை.

இப்போது வீட்டில் இருப்பவற்றைச் சூடில்லாத தண்ணீரில் தோயுங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சூடும் குளோரின் வெளிற்றியும் எலாஸ்ரேனைக் கெடுக்கும். கொடியில் காயவிட்டால் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.